எதற்காகக் காத்திருக்கிறது உங்கள் கணினி?

சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்க் காபி குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டில் ஒருவர் “ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்” என்பார். இன்னொருவர் “பத்து வருஷப் பொட்டி, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு” என்பார். இரண்டு யோசனைக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கணினி எதற்காகக் காத்திருக்கிறது? பிராசஸர் கணக்கை முடிப்பதற்கா, ஹார்ட் டிஸ்க் தகவலைத் தேடி எடுப்பதற்கா, ரேமில் இடம் காலியாவதற்கா, சூடு தணிவதற்கா? பதில் தெரிந்தால் எந்தப் பொருளுக்குச் செலவழிப்பது என்பதும் தெரிந்துவிடும். தெரியாமல் கடைக்குப் போனால், கடையில் எது இருக்கிறதோ அதைத்தான் வாங்கி வருவோம்.

பத்து நிமிடப் பரிசோதனை

கணினியைப் போட்டவுடன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையையே செய்யுங்கள். பிரவுசரில் நாலைந்து பக்கம், ஒரு வேர்டு கோப்பு, பிள்ளைகளின் வகுப்புக் காணொளி.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, பிராசஸர் பத்து பதினைந்தில் சும்மா இருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். மெமரி 85 சதவீதத்தைத் தாண்டியே இருந்தால் ரேம் போதவில்லை. ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கின் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்தும் என்பதால் இரண்டும் சேர்ந்தே உயரலாம். அப்போது மெமரியை முதலில் சந்தேகியுங்கள். பிராசஸர் எப்போதும் 100இல் இருந்தால், புராசஸஸ் பக்கத்துக்குப் போய் எந்த நிரல் அதைத் தின்கிறது என்று பாருங்கள். பல வீடுகளில் அது ஒன்றன் மேல் ஒன்றாக நிறுவிய இரண்டு ஆன்டிவைரஸ்களாக இருக்கும். ஒன்றை நீக்கினால் போதும், காசு செலவில்லை.

எல்லாம் குறைவாகக் காட்டியும் கணினி திணறினால், விசிறி இரைந்தால், சூட்டைச் சந்தேகியுங்கள். எச்டபிள்யூமானிட்டர் என்ற இலவச நிரல் பிராசஸரின் வெப்பநிலையைக் காட்டும். பெரும்பாலான இன்டெல் பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம்மைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. வேலை எதுவும் இல்லாத நேரத்திலேயே 70க்கு மேல் காட்டினால், செய்ய வேண்டியது சுத்தம்தான்.

கடைசியாக, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலால் ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். 05, சி5 என்ற எண்களிட்ட வரிகள் முக்கியம். 05 என்பது டிஸ்க் பழுதென்று ஒதுக்கிவிட்டு மாற்று இடம் கொடுத்த பகுதிகள். சி5 என்பது படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் பகுதிகள். சி5 வரியின் கடைசிக் கட்டத்தில் பூஜ்யம் தவிர வேறு எது இருந்தாலும், இந்த அத்தியாயத்தை மூடிவிட்டுக் குடும்பப் படங்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தூசு

செலவே இல்லாத இந்த வேலையைத்தான் அதிகம் பேர் தள்ளிப்போடுகிறார்கள். நம் ஊர் வீடுகளில் ஜன்னல் திறந்தே இருக்கும். தெருப் புழுதி, ஊதுபத்திப் புகை, முகப்பவுடர் எல்லாம் கேபினெட்டுக்குள் போய்ப் பிராசஸர் மேலுள்ள ஹீட்சிங்க்கின் இடுக்குகளில் கம்பளம்போலப் படிகின்றன. கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து அதை இறுக்கமாக்குகின்றன.

மின்கம்பியைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை ஐந்து வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். கேபினெட்டை மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய்ப் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் தாறுமாறாகச் சுழலவிட்டால் பேரிங் தேயும். வீட்டு வாக்குவம் கிளீனரின் குழாயை மதர்போர்டில் வைக்காதீர்கள். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது.

சுத்தம் செய்த பிறகும் சூடு குறையாவிட்டால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். இன்டெல்லோடு வரும் சாதாரணக் கூலரில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் முளைகள் இருக்கும். அவற்றின் தலையில் போட்ட அம்புக்குறியின் திசையில் திருப்பினால் பிடி விடும். ஏஎம்டியின் ஏஎம்4 வகைப் பிராசஸரில் கவனம் தேவை. காய்ந்த பேஸ்ட் ஒட்டியிருந்தால், கூலரை நேராகத் தூக்கும்போது பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிக்கால்கள் வளைந்துவிடும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, ஒட்டு விட்ட பிறகு தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, புதிதாக ஒரு துவரம்பருப்பு அளவு நடுவில் வைத்தால் போதும். கூலரின் அழுத்தமே அதைப் பரப்பும்.

எஸ்எஸ்டி: முதல் செலவு இதுதான்

ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் வேறு எதற்கும் செலவழிக்கும் முன் எஸ்எஸ்டி போடுங்கள். காரணத்தைப் புரிந்துகொண்டால் இதில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க், வினாடிக்கு ஏறத்தாழ நூறு வெவ்வேறு இடங்களுக்குத்தான் தன் ஊசியை நகர்த்திப் படிக்க முடியும். மடிக்கணினிகளில் இருக்கும் 5400 சுற்று டிஸ்க்கால் அதுவும் முடியாது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைச் சிதறிய இடங்களிலிருந்து கேட்கிறது. எஸ்எஸ்டியில் நகர வேண்டிய ஊசியே இல்லை. மலிவான ஒன்றும் வினாடிக்குப் பல்லாயிரம் இடங்களைப் படிக்கும்.

“உங்க போர்டு பழசு, எஸ்எஸ்டி போட்டாலும் ஸ்பீடு வராது” என்று சில கடைகளில் சொல்வார்கள். நம் ஊரில் இன்னும் ஏராளமாக ஓடிக்கொண்டிருக்கும் எச்61 மதர்போர்டை எடுத்துக்கொள்வோம். அதில் டிஸ்க்கைச் செருகும் சாட்டா இணைப்பு வினாடிக்கு 3 ஜிகாபிட் வகை. புதிய போர்டுகளில் 6 ஜிகாபிட். எனவே வினாடிக்கு 550 எம்பி படிக்கக்கூடிய எஸ்எஸ்டி, எச்61இல் அதில் பாதியளவுதான் படிக்கும். பெரிய படக்கோப்பை நகலெடுக்கும்போது அந்த வித்தியாசம் தெரியும். ஆனால் அன்றாட வேலையில் நம்மைக் காக்கவைத்தது சிதறிய சிறு கோப்புகள்தான். அந்தத் தாமதம் எச்61இலும் ஒழிந்துவிடுகிறது. தயங்காமல் போடலாம்.

வாங்கும்போது வடிவத்தைப் பாருங்கள். பழைய கணினிக்கும் பெரும்பாலான பழைய மடிக்கணினிக்கும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி பொருந்தும். எம்.2 என்ற குச்சி வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு இனங்கள் உண்டு. உருவம் ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். உங்கள் போர்டின் கையேட்டில் அந்தச் சாக்கெட் எதை ஏற்கும் என்று பார்த்த பிறகே வாங்குங்கள். 240 அல்லது 256 ஜிபி அலுவலக வேலைக்குப் போதும். 480க்கும் அதற்கும் விலை வித்தியாசம் குறைவாக இருந்தால் பெரியதை எடுங்கள். பெயர் தெரியாத கம்பெனியின் ஒரு டிபி எஸ்எஸ்டி நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால், நம்பாதீர்கள். நல்ல கம்பெனிகள் மூன்று முதல் ஐந்து ஆண்டு வாரண்டி தருகின்றன. பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்க்கில் இருப்பதை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கக் குளோன்சில்லா என்ற இலவச நிரல் இருக்கிறது. என் பரிந்துரை வேறு. பத்தாண்டுக் குப்பையைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகாமல், விண்டோசைப் புதிதாக நிறுவி உங்கள் கோப்புகளை மட்டும் எடுத்துவருவது நல்லது. ஒரு எச்சரிக்கை: சில மடிக்கணினிகளில் டிஸ்க் தானாகவே பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். எதையும் கழற்றும் முன், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள மீட்புச் சாவியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ரேம்

4 ஜிபி இருந்தால் 8 ஆக்குங்கள். 8 இருந்து, மெமரி நிரம்பவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். நிரம்பாத இடத்தில் 16 போட்டாலும் வேகம் கூடாது.

ரேம் வகைகளான டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டிலும் நடுவெட்டு வேறு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றன் துளையில் மற்றொன்று நுழையாது. அழுத்தி நுழைக்க முயலாதீர்கள். டிடிஆர்3 ஏற்கும், நான்காம் தலைமுறை முதலான இன்டெல் மடிக்கணினிகளுக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் வேண்டும். பழைய 1.5 வோல்ட் ரேம் போட்டால் அவை பெரும்பாலும் எழுந்திருக்காது. இணையக் கடைகளில் 8 ஜிபி டிடிஆர்3 மிக மலிவாகக் கிடைத்தால் விவரத்தைக் கடைசி வரி வரை படியுங்கள். எங்கோ ஒரு மூலையில் “ஏஎம்டி போர்டுக்கு மட்டும்” என்று இருக்கும். அது இன்டெல் போர்டில் வேலை செய்யாது. பாதுகாப்பான வழி, இருக்கும் ரேமைக் கழற்றிக் கையோடு கடைக்கு எடுத்துப்போய் அதே வகையைக் கேட்பதுதான். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இப்படிப் பழைய ரேமோடு வந்து நிற்பவர்களைப் பார்க்கலாம்.

கணினி எழுந்திருக்காமல் “பீப் பீப்” என்று கத்தினால் பலமுறை ரேமின் கால்களில் படிந்த கறைதான் காரணம். கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் பொன்னிறக் கால்களை மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மீண்டும் பொருத்துங்கள். சர்வீஸ் கடையில் காசு வாங்கிக்கொண்டு செய்யும் முதல் வேலையும் இதுவே. தேதியும் நேரமும் ஒவ்வொரு முறையும் பின்னால் போய்விட்டால், மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் எந்தக் கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

தொட்டால் சுருக்கென்றால்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கேபினெட்டின் இரும்பைத் தொடும்போது சுருக்கென்று உணர்ந்தால், “லேசாத்தான் அடிக்குது” என்று விடக்கூடாது. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டச் சிறு கெப்பாசிட்டர்கள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினெட்டுக்கு இணைக்கப்பட்டிருக்கும். வீட்டில் எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினெட் 230இல் ஏறத்தாழ பாதி, அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். பாயும் மின்னோட்டம் மிகச் சிறியது. ஆனால் ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைக்கு அது அதிர்ச்சி தரும். டிவியோடு எச்டிஎம்ஐ கேபிளைச் செருகும்போது போர்ட் எரிந்துபோகவும் இதுவே காரணமாகலாம். முக்கியமாக, எஸ்எம்பிஎஸ்ஸில் உண்மையான பழுது வந்தால் உங்களைக் காக்க எதுவும் இல்லை. மூன்றுமுனை பிளக்கை இரண்டுமுனை மாற்றியில் செருகியிருந்தால் அதை இன்றே தூக்கிப் போடுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த பிளக் பாயின்ட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். கணினிக்காகச் செய்யும் செலவுகளில் எஸ்எஸ்டிக்கும் முன்னால் நிற்க வேண்டியது இது.

எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். அதன் பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். மல்டிமீட்டர் இருந்தால் வெளியே வரும் கம்பிகளை மட்டும் பாருங்கள். கறுப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கணினி வழக்கமாக 100 வாட்டுக்கும் குறைவாகவே எடுக்கும் என்பதால், பெட்டியில் 500 வாட் என்று அச்சிட்ட இலேசான எஸ்எம்பிஎஸ்ஸைவிட, பெயருள்ள கம்பெனியின் சிறிய ஒன்று நல்லது.

மின்சாரம் போன மறுநொடியே யூபிஎஸ்ஸும் சேர்ந்து அணைந்தால் யூபிஎஸ்ஸைத் தூக்கிப் போட வேண்டாம். சாதாரண 600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. நம் வெயிலில் அது இரண்டு மூன்று ஆண்டு தாங்கும். அதை மட்டும் மாற்றலாம். பழையதைக் கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். வீட்டில் சைன் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால், பல மாடல்களில் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதைப் போட்டால் இன்வெர்ட்டர் விரைவாக மாறும், தனி யூபிஎஸ் தேவைப்படாமல் போகலாம்.

விண்டோஸ் 10 முடிந்த பிறகு

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்றும் அறிவித்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், பொதுவாக எட்டாம் தலைமுறை இன்டெல், ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசை அல்லது அவற்றுக்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். ஐ5-7500 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8500 என்றால் எட்டு. அந்த ஒரு எண் இப்போது பழைய கணினிச் சந்தையின் விலையையே பிரிக்கிறது.

தகுதி பெறாத கணினி உங்களிடம் இருந்து, அதில் நடப்பது இணையம், எழுத்து வேலை, காணொளி மட்டும் என்றால் விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். இலவசம், 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடும், தமிழ்99 விசைப்பலகையும் ஐபஸ் எம்17என் வழியாகக் கிடைக்கும். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கருவிகள் இன்னும் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றில் பல, விண்டோசோடு பாஸ் லினக்சையும் சுமந்தே வந்தன. ஓர் எஸ்எஸ்டி, கொஞ்சம் ரேம், மின்ட் மூன்றும் சேர்ந்தால், அவை தம்பி தங்கைகளின் படிப்புக்கு மறுபடி உதவும். பேட்டரி செத்திருந்தால் சார்ஜரிலேயே ஓட்டலாம். உப்பியிருந்தால் உடனே கழற்றுங்கள், குத்தவோ அழுத்தவோ கூடாது.

டேலி பிரைமில் கணக்கு எழுதும் வீட்டுக்கு லினக்ஸ் சரிவராது. கணக்கு வேலைக்குக் கிராக் செய்த விண்டோஸ் போட்டுத்தருகிறேன் என்று சொல்லும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்தக் கணினியில்தான் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லும் இருக்கப்போகிறது.

எங்கே நிறுத்துவது

கோர் 2 டுவோ காலத்துக் கணினிக்கு எஸ்எஸ்டிக்கு மேல் ஒரு ரூபாயும் போடாதீர்கள். மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தாலும் அப்படியே. பழுதும் மேம்பாடும் சேர்ந்து, அலுவலகத்திலிருந்து கழித்துவிட்ட எட்டாம் தலைமுறைக் கணினியின் விலையில் பாதியைத் தாண்டினால் அதை வாங்குவதே சரி. டெல் ஆப்டிபிளெக்ஸ் 7060, எச்பி எலைட்டெஸ்க் 800 ஜி4, லெனோவோ திங்க்சென்டர் எம்720 என்பவை அந்தத் தலைமுறை. இவற்றுக்கு முந்தைய 7050, ஜி3, எம்710 பார்க்க ஒன்றுபோல இருக்கும். பெயர்ப்பலகையைப் படித்து வாங்குங்கள். பயாஸுக்குள் நுழைந்து, கடவுச்சொல் பூட்டு இல்லை என்று கடையிலேயே உறுதிசெய்யுங்கள். இவற்றின் எஸ்எம்பிஎஸ் இணைப்புகள் பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனிக்கே உரியவை. பிற்காலத்தில் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை மாட்ட முடியாது என்பதைக் கணக்கில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

மேசை

நல்ல கணினியை மோசமான மேசையில் வைத்தால் கழுத்துதான் கடன் அடைக்கும். மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்தில், திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். அதற்கு ஸ்டாண்டு வாங்க வேண்டியதில்லை, பழைய கைடு புத்தகங்கள் நாலு போதும். மடிக்கணினியில் மணிக்கணக்கில் எழுதுபவர் அதை உயர்த்தி வைத்து, ஒரு சாதாரண யூஎஸ்பி விசைப்பலகையைச் செருகிக்கொள்வதே மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் பெரிய சுகம். ஜன்னல் முன்னாலோ பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் வரட்டும்.

அலுவலகத்திலிருந்து வந்த கணினிகளில் எச்டிஎம்ஐ இல்லாமல் டிஸ்பிளேபோர்ட்டும் விஜிஏவும் மட்டும் இருக்கலாம். விஜிஏவில் எழுத்து மங்கும். டிஸ்பிளேபோர்ட்டை எச்டிஎம்ஐ ஆக மாற்றும் சிறு அடாப்டர் வாங்குங்கள். மலிவான அடாப்டர் ஒரு திசையில்தான் வேலை செய்யும். கணினிப் பக்கம் டிஸ்பிளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ என்று கேட்டு வாங்குங்கள். திரையை அதன் முழு ரெசல்யூஷனிலேயே வைத்து, எழுத்து சிறிதாகத் தெரிந்தால் ஸ்கேலை 125 சதவீதமாக்குங்கள். தமிழ் வாசிப்பவருக்கு இது அவசியம். சுழியும் புள்ளியும் தெளிவாக விழாவிட்டால் கண் ஒவ்வொரு சொல்லிலும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கிறது.

கடைசியாக, எஸ்எஸ்டிக்காகக் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் 05, சி5 இரண்டும் பூஜ்யமாக இருந்தால் ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டுப் படங்களின் நகல் வைக்கப் பயன்படுத்துங்கள். யாருக்காவது கொடுப்பதானால் வெறும் ஃபார்மேட் போதாது, அழித்ததை மீட்கும் நிரல்கள் இருக்கின்றன. விண்டோசின் டிஸ்க்பார்ட்டில் அந்த டிஸ்க்கின் எண்ணைத் தேர்ந்து “கிளீன் ஆல்” கொடுத்தால் முழுப் பரப்பிலும் பூஜ்யத்தை எழுதும். பெரிய டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆகும். எண்ணைத் தேர்வதற்கு முன் அதன் கொள்ளளவைப் பார்த்து, அது உங்கள் புது எஸ்எஸ்டி இல்லை என்று இரண்டு முறை சரிபாருங்கள்.